மர வேலை மெசினுக்குக் கால் சுவிட்ச்: வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

லயன் காம்பிராவை விட்டுப் புது வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். 7 பேர்ச்சஸ் காணியில் வீடு போக மீதி இடத்தில் ஒரு தகரக் கொட்டில் போட்டு, மேசை, கதிரை, ஜன்னல் பிரேம் செய்து விற்கலாம் என்று யோசிக்கிறீர்கள். உங்கள் பெயரிலேயே மின்சார மீட்டர் இருக்கிறது. ஒரு துளை மெசின், ஒரு வாள் மெசின் வாங்கியாயிற்று, அல்லது வாங்கப் போகிறீர்கள். அதோடு சேர்த்துப் பலரும் கேட்கும் ஒரு சாமான் கால் சுவிட்ச். இரண்டு கையாலும் மரத்தைப் பிடித்துக்கொண்டு காலால் மெசினைப் போடவும் நிறுத்தவும் முடிவது நல்ல வசதிதான்.

ஆனால் கடையில் கால் சுவிட்ச் என்ற ஒரே பெயரில் பல வகைச் சாமான்கள் கிடைக்கின்றன. ஒரு மெசினுக்குப் பொருந்துவது இன்னொன்றுக்கு ஆபத்தாகும். தோட்டத்தில் வேலை செய்யும்போது காயம் பட்டால், 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி துரைமாரிடம் நட்டஈடு கேட்கலாம். சொந்தக் கொட்டிலில் விரல் போனால் கேட்பதற்கு யாரும் இல்லை. அதனால் இந்தச் சிறிய சாமானைத் தெரிவு செய்வதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கால் சுவிட்சின் முதல் வேலை மெசினை நிறுத்துவது. ஓட்டுவது இரண்டாவது வேலை. நீங்கள் வேண்டுமென்று செய்யாமல் மெசின் ஓடத் தொடங்கும் வழி ஒன்றுகூட இருக்கக் கூடாது. கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒரு விடயத்தை ஒட்டியவைதான்.

மூன்று வகைகள்

1. மிதித்திருக்கும் வரை ஓடும் வகை. காலை வைத்தால் மெசின் ஓடும், எடுத்தால் நிற்கும். தையல் மெசின் பெடலில் பழகியவர்களுக்கு இது உடனே புரியும்.

2. ஒரு முறை மிதித்தால் ஓடி, மறுமுறை மிதித்தால் நிற்கும் வகை. காலை எடுத்த பிறகும் மெசின் ஓடிக்கொண்டே இருக்கும். சுவரில் உள்ள லைட் சுவிட்ச் போல, கடைசியாக வைத்த நிலையிலேயே இது நிற்கும்.

3. நிறுத்த மட்டும் உதவும் வகை. மெசினைப் போடுவது கையால், பச்சை பட்டனை அழுத்தி. காலோ முழங்காலோ பட்டால் நிற்கும். காலால் போட முடியாது.

இவற்றைத் தவிர, தையல் மெசினுக்கு வருவது போல வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெடல் ஒன்றும் உண்டு. செதுக்கு வேலைக்கான சிறிய கை மெசின்கள் சிலவற்றுக்கு அவற்றைச் செய்தவர்களே இப்படியொரு பெடல் தருகிறார்கள். அந்த மெசினோடு மட்டும் அதைப் பாவியுங்கள். துளை மெசின், வட்ட வாள், கடைச்சல் மெசின் போன்றவற்றில் பெரும்பாலும் இருப்பது இன்டக்‌ஷன் மோட்டர். அதன் வேகம் இப்படிக் குறையாது. மோட்டர் சூடாகி எரிந்துபோகும். பழைய தையல் மெசின் பெடலைக் கழற்றி மர மெசினுக்குப் பூட்டுவது எந்த நிலையிலும் வேண்டாம்.

எந்த மெசினுக்கு எது?

மெல்லிய பலகையில் பூ வேலை, வளைவு வெட்டும் ஸ்க்ரோல் சோ மெசினுக்கு முதல் வகை நன்றாகப் பொருந்தும். அலகைக் கழற்றி உள் துளையில் நுழைத்து, மறுபடி பூட்டி, இரு கையாலும் பலகையைத் திருப்பித் திருப்பி வெட்ட வேண்டிய வேலை அது. மோட்டரும் சிறியது. மேசைத் துளை மெசினுக்கும், மோட்டர் சிறியதாக இருந்தால், முதல் வகை உதவும். அலகு மரத்தில் சிக்கி மரம் சுழலப் பார்த்தால் காலை எடுத்தவுடன் மின்சாரம் அறுந்துவிடும். என்றாலும் மரத்தைக் கையால் மட்டும் பிடிக்காமல் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள்.

மேசை வட்ட வாள், பிளேனர் போன்றவற்றுக்கு மூன்றாவது வகையை மட்டும் பாவியுங்கள். இந்த மெசின்களில் மரத்தைத் தள்ளும்போது உடம்பு முன்னே சாயும், கால் இடம் மாறும். காலை ஒரே இடத்தில் அழுத்தி வைத்திருக்கப் பார்த்தால் நிலை தடுமாறும். அதைவிட முக்கியம், அலகை மாற்றவோ சிக்கிய துண்டை எடுக்கவோ கை அலகுக்குப் பக்கத்தில் இருக்கும்போது கால் தவறிப் பட்டால் மெசின் ஓடக் கூடாது. வெட்டும்போது மரம் இறுகிப்போனால் இரண்டு கையையும் மரத்தில் இருந்து எடுக்க முடியாது. அந்த நேரத்தில் முழங்காலாலோ காலாலோ நிறுத்த முடிவது பெரிய பாதுகாப்பு.

கையில் பிடித்து வேலை செய்யும் கிரைண்டர், கை வட்ட வாள் ஆகியவற்றுக்குக் கால் சுவிட்ச் வேண்டாம். அவற்றின் பட்டனைப் பூட்டி வைத்துவிட்டுக் காலால் கரண்ட் கொடுத்தால், கையை எடுத்தாலும் மெசின் நிற்காது. மெசின் கையை விட்டு நழுவி, கால் பெடலிலேயே இருந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது வகையை மர வேலை மெசின் எதற்கும் நேரடியாகப் பூட்ட வேண்டாம் என்பதே எங்கள் ஆலோசனை. காரணத்தை அடுத்த பகுதியில் சொல்கிறோம்.

கரண்ட் போய் வரும்போது

2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் காலம் போய்விட்டாலும், காற்று மழையில் மரம் லைனில் விழுந்து கரண்ட் போவது மலையகத்தில் புதிதல்ல. போகும் நேரமும் தெரியாது, வரும் நேரமும் தெரியாது.

இரண்டாவது வகைச் சுவிட்சை ஒரு முறை மிதித்து மெசின் ஓடுகிறது. நடுவில் கரண்ட் போகிறது. மெசின் நிற்கிறது. சுவிட்ச் இன்னும் போட்ட நிலையிலேயே இருக்கிறது, ஆனால் பார்த்தால் தெரியாது. நீங்கள் தேத்தண்ணி குடிக்கப் போகிறீர்கள், அல்லது இந்த இடைவேளையில் அலகில் சிக்கிய துண்டை எடுக்கலாம் என்று கையை வைக்கிறீர்கள். கரண்ட் திரும்ப வருகிறது. மெசின் தானாக ஓடுகிறது.

முதல் வகையில் இந்தப் பிரச்சினை குறைவு. கரண்ட் போனதும் காலை எடுத்துவிட்டால், வரும்போது மெசின் ஓடாது. மூன்றாவது வகையில் இதை முழுதாகத் தடுக்கலாம். அதற்குக் கன்டாக்டர் என்ற காந்தச் சுவிட்ச் வேண்டும். பச்சை பட்டனை அழுத்தினால் உள்ளே இருக்கும் காந்தம் சுவிட்சை இழுத்துப் பிடிக்கும். கரண்ட் போனால் காந்தம் விட்டுவிடும். கரண்ட் திரும்ப வந்தாலும், நீங்கள் மறுபடி பச்சை பட்டனை அழுத்தும் வரை மெசின் ஓடாது. மேசை வாள், பிளேனர் வாங்கும்போது இப்படிப்பட்ட சுவிட்ச் அதிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். எளிதான சோதனை ஒன்று உண்டு. மெசினில் அலகு இல்லாமல், அல்லது மரம் வைக்காமல், மெசினைப் போட்டு ஓடும்போதே சுவரில் பிளக் சுவிட்சை நிறுத்துங்கள். மெசின் முழுதாக நின்ற பின், கை கால் எல்லாம் தள்ளி இருக்க, சுவர் சுவிட்சை மறுபடி போடுங்கள். மெசின் தானாக ஓடினால் அந்தப் பாதுகாப்பு அதில் இல்லை.

நிறுத்தும் சுவிட்ச் எப்படி இணைக்கப்பட வேண்டும் என்பதும் முக்கியம். சாதாரண நிலையில் வயர் இணைந்திருந்து, மிதித்தால் அறுபடும் முனைகளைத்தான் நிறுத்தப் பாவிக்க வேண்டும். சுவிட்சில் இது என்சி என்று குறிக்கப்பட்டிருக்கும். மிதித்தால் இணையும் முனைகள் என்ஓ. என்சி முனையில் இணைத்தால், வயரை எலி கடித்து அறுத்தாலும் மெசின் நின்றுவிடும். வேறு விதமாக இணைத்தால், வயர் அறுந்தது தெரியாமலே இருந்து, அவசரத்துக்கு மிதிக்கும்போது மெசின் நிற்காது. இணைக்கும் மின்னியலாளரிடம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

10 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் போதுமா?

நமது வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். மோட்டரின் உடம்பில் ஒரு தகடு இருக்கும். அதில் ஆம்பியர் எவ்வளவு என்று பாருங்கள். வாட் மட்டும் எழுதியிருந்தால் அதை 230ஆல் பிரியுங்கள். 1,200 வாட் ரவுட்டர் என்றால் ஏறத்தாழ 5.2 ஆம்பியர். 1 குதிரை வலு மோட்டர் சுமார் 6 முதல் 7 ஆம்பியர் எடுக்கும். குதிரை வலுவில் எழுதியிருப்பது மோட்டர் வெளியே தரும் வலு. உள்ளே அது இழுப்பது அதைவிடக் கூட. அதனால்தான் 746 வாட்டை 230ஆல் பிரித்தால் வரும் 3.2 என்ற கணக்கு இங்கே சரிவராது.

இது ஓடும்போது எடுக்கும் அளவு. ஓடத் தொடங்கும் அந்த ஒரு கணத்தில் இன்டக்‌ஷன் மோட்டர் இதைப்போல 5 முதல் 7 மடங்கு இழுக்கும். அதாவது 1 குதிரை வலு மோட்டர் தொடங்கும்போது 30 முதல் 49 ஆம்பியர் வரை போகலாம். சிறிய பிளாஸ்டிக் கால் சுவிட்சில் 10 ஆம்பியர் 250 வோல்ட் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் ஹீட்டர், பல்ப் போன்றவற்றுக்கான கணக்கு. மோட்டருக்கு அதே சுவிட்ச் தாங்குவது அதைவிடக் குறைவு. மீறிப் பாவித்தால் உள்ளே தீப்பொறி பறந்து, முனைகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு நீங்கள் காலை எடுத்தாலும் மெசின் நிற்காது. சுவிட்ச் வேலை செய்யாமல் போவதைவிட இது மோசம்.

அதனால், அரைக் குதிரை வலுவுக்கு மேற்பட்ட மோட்டர் என்றால் கால் சுவிட்சை மோட்டருக்கு நேரடியாகப் பூட்டாமல், கன்டாக்டர் வழியாகப் பூட்டுங்கள். மோட்டரின் பாரத்தைக் கன்டாக்டர் சுமக்கும். கால் சுவிட்ச் கன்டாக்டருக்குக் கட்டளை மட்டும் கொடுக்கும். கன்டாக்டர் வாங்கும்போது அதன் மேல் ஏசி-3 என்ற வரிக்கு எதிரே உள்ள ஆம்பியரைப் பாருங்கள். மோட்டருக்கான கணக்கு அதுதான். ஏசி-1 என்ற வரியில் பெரிய எண் இருக்கும், அது ஹீட்டருக்கு. கொஞ்சம் கூடச் செலவு செய்ய முடிந்தால், 24 வோல்ட்டில் இயங்கும் கன்டாக்டரும் அதற்கான சிறிய டிரான்ஸ்போமரும் வாங்குங்கள். அப்போது உங்கள் காலடியில் இருப்பது 230 வோல்ட் அல்ல, 24 வோல்ட் மட்டுமே. ஈரத் தரையில் வேலை செய்பவருக்கு இது நல்ல முதலீடு.

இன்னொரு விடயம். பெரிய மோட்டரைக் காலால் நிமிடத்துக்குப் பல முறை போட்டு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அது அதிக கரண்ட் இழுத்துச் சூடாகும், தொடக்கத்துக்கு உதவும் கப்பாசிட்டர் சீக்கிரம் கெட்டுப்போகும்.

மழை, ஈரம், மரத்தூள்

பொகவந்தலாவையின் மழையைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக் காலத்தில் கொட்டிலின் தரை நாள் கணக்கில் காயாது. கால் சுவிட்ச் இருக்கும் இடமோ தரை. மேலே மரத்தூள், கீழே ஈரம்.

சுவிட்சின் பெட்டியில் ஐபி என்ற இரண்டு ஆங்கில எழுத்துக்களும் அவற்றுக்குப் பின் இரண்டு இலக்கங்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். முதல் இலக்கம் தூசுக்கு. 6 என்றால் தூசு உள்ளே போகாது. இரண்டாவது இலக்கம் தண்ணீருக்கு. 5 என்றால் பக்கத்தில் இருந்து பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும். ஐபி 20 என்று இருந்தால் விரல் உள்ளே போகாது என்பது மட்டும்தான், தண்ணீரில் இருந்து பாதுகாப்பே இல்லை. நம் ஊர்க் கொட்டிலுக்கு ஐபி 65 அல்லது அதற்கு மேல் உள்ளதை வாங்குங்கள். எழுத்தே இல்லாத சுவிட்சை ஐபி 20 என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

இரும்பு உடம்புள்ள கால் சுவிட்ச் உறுதியானது. ஆனால் அதற்கு எர்த் வயர் கட்டாயம். வயர் மூன்று கம்பி கொண்டதாக, ஒவ்வொன்றும் குறைந்தது 1.5 சதுர மில்லிமீற்றர் தடிப்பில் இருக்கட்டும். சுவிட்ச் அறுப்பது லைவ் வயரை, நியூட்ரலை அல்ல. நியூட்ரலை அறுத்தால் மெசின் நிற்கும், ஆனால் அதன் உள்ளே கரண்ட் இருந்துகொண்டே இருக்கும்.

உங்கள் வீட்டு மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்க வேண்டும். அதில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் விழ வேண்டும். விழாவிட்டால் மர மெசினைப் போடுவதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள். கால் சுவிட்சைப் பூட்டும் வேலையை உரிமம் பெற்ற மின்னியலாளரிடம் கொடுங்கள். வீட்டு இணைப்பில் தொழில் நடத்தத் தொடங்குமுன் உங்கள் பகுதி மின்சார அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. கட்டண வகை மாறலாம்.

பிள்ளைகள் நடமாடும் இடம்

லயத்தில் இருந்தபோது தச்சு வேலை செய்ய இடமே இருக்கவில்லை. இப்போது இடம் இருக்கிறது, ஆனால் அது குசினிக்குப் பக்கத்தில்தான். பிள்ளைகள் ஓடுவார்கள், கோழி வரும், நாய் படுக்கும். தரையில் இருக்கும் பெடல் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் போலத் தெரியும்.

அதனால் மேலே மூடி உள்ள கால் சுவிட்சையே வாங்குங்கள். காலை உள்ளே நுழைத்துத்தான் மிதிக்க முடியும். மேசையில் இருந்து ஒரு மரத்துண்டு விழுந்தாலும் பெடல் அழுத்தப்படாது. பக்கச் சுவரும் இருந்தால் இன்னும் நல்லது. நீங்கள் மழைக்காலத்தில் பூட்ஸ் போடுபவர் என்றால், அந்தப் பூட்ஸோடு கடைக்குப் போய்க் கால் உள்ளே போகிறதா என்று பாருங்கள். சிலிப்பரோடு மர மெசினில் நிற்க வேண்டாம். மூடிய சப்பாத்து வேண்டும்.

பெடலுக்கு ஓர் இடம் ஒதுக்கி, அதன் கீழே வழுக்காத ரப்பர் ஒட்டுங்கள். வயர் நடக்கும் வழியில் கிடக்கக் கூடாது. சுவரோரமாகக் கொண்டுபோய் கிளிப் அடியுங்கள். வேலை முடிந்ததும், அலகு மாற்றும்போதும், யாராவது கூப்பிட்டு வெளியே போகும்போதும் பிளக்கைக் கழற்றுங்கள். பெடலில் இருந்து காலை எடுப்பது மெசினை நிறுத்துவது மட்டும்தான். மெசினில் கை வைப்பதற்குப் பிளக் வெளியே இருக்க வேண்டும்.

காலை எடுத்தவுடன் அலகும் நின்றுவிடும் என்று எண்ணாதீர்கள். பிரேக் இல்லாத வட்ட வாள் கரண்ட் அறுந்த பின்னும் பல செக்கன் சுழலும். சத்தம் அடங்கிவிட்டாலும் பற்கள் சுழலலாம். கண்ணால் பார்த்து, முழுதாக நின்ற பிறகே துண்டை எடுங்கள், அதுவும் குச்சியால்.

கடையில் கேட்க வேண்டியவை

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ கடைக்குப் போகும்போது மோட்டர் தகட்டை போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். பின்வருவனவற்றைக் கேளுங்கள்.

• காலை எடுத்தால் நிற்குமா, ஓடிக்கொண்டே இருக்குமா? கையில் எடுத்து அழுத்திப் பாருங்கள். அழுத்தி விட்டதும் பெடல் மேலே வந்து, டிக் சத்தமும் இரண்டு முறை கேட்டால், பெரும்பாலும் முதல் வகை. உறுதியாக அறிய மல்டிமீற்றர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.
• என்சி, என்ஓ இரண்டு முனைகளும் இருக்கின்றனவா?
• மோட்டருக்கு எத்தனை ஆம்பியர் தாங்கும்? ஹீட்டர் கணக்கைச் சொன்னால் ஏற்காதீர்கள்.
• ஐபி இலக்கம் என்ன?
• மேல் மூடி இருக்கிறதா?
• இரும்பு உடம்பு என்றால் எர்த் பூட்டும் திருகு எங்கே?
• வயர் உள்ளே நுழையும் இடத்தில் இழுபடாமல் இறுக்கும் பிடி இருக்கிறதா?

இவற்றில் பாதிக்கு மேல் பதில் இல்லை என்றால், விலை குறைவாக இருந்தாலும் வேண்டாம். நல்லது வாங்கப் பணம் சேரும் வரை மெசினில் உள்ள கைச் சுவிட்சையே பாவியுங்கள். கால் சுவிட்ச் இல்லாமலும் நல்ல மேசை செய்யலாம்.

தச்சு வேலையை முறையாகப் பழக விரும்பும் இளைஞர்கள், தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் தரும் பயிற்சிகள் பற்றித் தொழிற்பயிற்சி அதிகார சபையில் விசாரிக்கலாம். மெசின் பாதுகாப்பு அந்தப் பயிற்சியின் ஒரு பகுதி.

விபத்து நடந்தால்

யாருக்காவது கரண்ட் அடித்தால் அவரைத் தொடுவதற்கு முன் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். வெட்டுக் காயம் என்றால் சுத்தமான துணியால் இறுக்கி அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். விரல் துண்டாகிப் போயிருந்தால் அதைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். விரலை நேரடியாக ஐஸில் வைக்காதீர்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வீடு எந்தத் தோட்டம், எந்த டிவிசன், பாதையில் எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்று சொல்லக்கூடியவர் பேசட்டும். இந்த விபரத்தை இப்போதே ஒரு தாளில் எழுதி, கொட்டில் சுவரில் மெசினுக்கு எதிரே ஒட்டிவையுங்கள். பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.